சைரன் இல்லாத வண்டி

…சைரன் எங்கன்னு கேக்குறாருக்கா, வண்டியை டெஸ்ட் பண்ற சாரு. சைரன். நான் என்ன தீயணைப்பு வண்டியா கொண்டுவந்து நிறுத்தியிருக்கேன்? உள்ள பூப்போட்ட திரை தொங்குது. மெத்தைக்கு நானே தைச்ச உறை. அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, ஜன்னலோரமா எம்பொண்ணு உக்கார வெச்ச துணி முயலு. இத்தனையும் டார்ச் லைட்டு அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு, பட்டப்பகல்ல டார்ச் லைட்டு, நெத்தியைச் சொறிஞ்சுக்கிட்டு, சைரன் எங்கம்மாங்குறாரு. முயலு காதுல தேடுங்க சார்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். ஆபீஸருங்ககிட்ட அப்படியெல்லாம் பேசக்கூடாதுல்ல.

உக்காருங்கக்கா, இந்தப் பக்கம் வாங்க, அந்த முனை ஆடும். பையை நடுவுல வெச்சுக்கங்க. உங்களதும் டெஸ்ட்டுக்குத்தானா? ஸ்கூல் வேனா? நீங்களே ஓட்டுறீங்களா… அம்மாடி. பின்னால அத்தனை பிள்ளைங்க கத்தக் கத்த எப்படித்தான் ரோட்டைப் பாத்து ஓட்டுறீங்களோ. அதான் நான் பேசுறது உங்களுக்கு ஒண்ணுமே உறைக்கல. உங்களுக்கு முன்னாடி இங்க உக்காந்திருந்தவரு ரெண்டாவது நிமிஷமே டீ குடிச்சுட்டு வர்றேன்னு போனாரு. தேயிலையை இனிமேதான் பறிக்கணும் போல, ஆளைக் காணோம்.

நம்பர் கூப்பிட இன்னும் நேரமிருக்கு. கேளுங்க.

எங்க வண்டி முன்னால பார்சல் வண்டிக்கா. பொட்டி பொட்டியா ஏத்திக்கிட்டு ஊரெல்லாம் சுத்துன வண்டி. வாங்கினப்ப உள்ள ஒட்டுற டேப்பு வாசனையும் எலி வாசனையும் சரிபாதியா அடிச்சுது. எட்டு மாசம். எட்டு மாசம் எங்க வீட்டுக்குப் பின்சந்துல நிறுத்தி, இவரு ஒத்தை ஆளா அறுத்து, இழைச்சு, முடுக்கி… இவரு லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. நாள் பூரா கெணறு மாதிரி ஒரு ஓட்டைக்குள்ள தனியா நின்னு வேலை பாத்துப் பாத்து, பேச்சே மறந்துபோச்சு. வீட்டுக்கு வந்தா "ம்". அவ்ளோதான். சோறு நல்லாருக்கான்னா ம். வீடு தீப்பிடிச்சிருக்குன்னு சொன்னாலும் ம். எங்க ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் பேசியாகணும். அதனாலதான் எனக்கு இப்படி ஆயிப்போச்சு, பொறக்கும்போதே இப்படியில்ல.

ஆனா அளவு எடுத்தாருன்னா எடுத்தாரு. கட்டிலு எவ்ளோ நீளம் வேணும்னு பாக்குறதுக்கு என்னை வீட்டு வாசல்ல தரையில படுக்கச் சொல்லி, சுத்திவர சாக்பீஸால கோடு இழுத்தாரு. நான் எழுந்து காபி போட உள்ள போய்ட்டேன். பக்கத்து வீட்டம்மா கதவைத் தொறந்தாங்க. தரையில ஆள் உருவம் கோடு போட்டிருக்கு, இவரு கையில சுத்தியலோட குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கிறாரு. என்னாச்சு தம்பின்னு நடுங்கிக்கிட்டே கேட்டிருக்காங்க. இவரு என்ன சொல்லியிருப்பாரு? "ம்." அந்தம்மா அலறுன அலறல்ல தெருவே கூடிடுச்சு. நான் காபி டம்ளரோட வெளிய வந்தப்பறம்தான் அவங்களுக்கு மூச்சே வந்துச்சு. அவங்களுக்கு அந்தக் காபியைக் கொடுத்து உக்கார வெச்சேன். இவருக்கு அன்னிக்குக் காபி கிடையாது.

எதுக்கு இவ்ளோ பாடுன்னு கேக்குறீங்களா? கேக்கல, ஆனா உங்க மூஞ்சி கேக்குது.

என் தங்கச்சிக்குக்கா. ஒரே தங்கச்சி. இங்கருந்து ஒன்றரை நாள் ஓட்டணும் அவ இருக்குற ஊருக்கு. மாப்பிள்ளை வேலை பாக்குற கம்பெனியில குடுத்த ரூம், ரூம்னா ஒரே ஒரு ரூம். கட்டிலை விட்டு எழுந்தா அடுப்பு, அடுப்பை விட்டுத் திரும்பினா கதவு. அவருக்கு ஷிப்ட்டு. வாரத்துல நாலு நாள் இவ தனியாத்தான் கிடக்குறா. இப்ப முழுகாம இருக்கா. இன்னும் ஒன்பது நாள்ல டேட்டு. அம்மா இல்ல எங்களுக்கு. அவளுக்குன்னு இருக்குறது நான்தான். நான் போனா எங்க படுப்பேன், அந்த ரூம்ல நிக்கக்கூட இடமில்ல. அதான் சொன்னேன், நீ கவலைப்படாதடி, நான் என் வீட்டை சக்கரத்துல வெச்சு ஓட்டிக்கிட்டு வந்து உன் வாசல்லயே நிறுத்துறேன், நீ ஜன்னல்லருந்து கூப்பிட்டா நான் சட்டியோட எட்டிப் பாப்பேன்னு. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். ஒன்பதே நாள். இந்த சார் சைரனைத் தேடிக்கிட்டிருக்காரு.

சும்மா ஓட்டிட்டுப் போயிடலாம்தானே? முடியாதாம். பார்சல் வண்டியை உள்ள மாத்திக் கட்டினா, பதிவுப் புத்தகத்துலயும் மாத்தணும். மாத்தணும்னா டெஸ்ட்டு. டெஸ்ட்டுக்கு ரோட்டுல கொண்டுவரணும்னா இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் வேணும்னா அவன் பதிவுப் புத்தகத்தைக் கேக்குறான். வட்டமா ஓடுது பாருங்க, நாய் தன் வாலைத் துரத்துற மாதிரி. கடைசியில தற்காலிகமா ஒரு சீட்டு குடுத்தான், டெஸ்ட்டுக்குப் போகலாம், வீட்டுக்கு வரலாம், வழியில காய்கறி வாங்கக்கூட நிறுத்தக்கூடாதுன்னு.

அப்பறம் முழு இன்சூரன்ஸுக்கு ஒரு தம்பி போன் பண்ணுச்சு. நல்ல மரியாதையான குரலு. மேடம், ஒரு நாளைக்கு எத்தனை பேரை ஏத்துவீங்கன்னுச்சு. மூணு பேருப்பான்னேன். மறுநாள்? அதே மூணு பேருதான். தினமும் அதே மூணு பேருக்கா மேடம் உடம்புக்கு முடியாமப் போகுதுன்னு கேட்டுச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துருச்சு. என் புருஷனுக்கும் பொண்ணுக்கும் ஒரு கேடும் இல்ல, உன் வாயைக் கழுவுன்னு சொல்லி வெச்சுட்டேன். மறுபடி பண்ணுச்சு. கூட வர்ற நர்ஸம்மா பேரு சொல்லணுமாம். நர்ஸா? எங்க வீட்டுல காயத்துக்கு மருந்து போடுறதே எம்பொண்ணுதான், அவளுக்கு ஆறு வயசுன்னேன். அந்தத் தம்பி அதை எழுதிக்கிச்சுக்கா. எழுதுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

மொத டெஸ்ட்டுல ஃபெயில்னு ஒரு தாள் குடுத்தாங்க, அதைப் படிச்சீங்கன்னா வயிறு புண்ணாயிடும். படுத்திருப்பவரைக் கட்டிவைக்கும் பட்டை இல்லை. யாரைக் கட்டிவைக்க? இவரையா? இவரு படுத்தா காலைல அலாரம் அடிக்கிற வரைக்கும் புரண்டுகூடப் படுக்க மாட்டாரு. பூப்போட்ட திரை ஏற்புடையதல்ல. அதுக்குத்தான் எனக்கு ரொம்ப வலிச்சுது. நான் திரை தைக்கிறவக்கா, அதான் என் தொழிலே. மடிப்பு ஒவ்வொண்ணும் ஊசி வெச்சு எண்ணித் தைச்சது. வெளிப்புறத்தில் அடையாளக் குறி இல்லை. பின்கதவு, படுத்த நிலையில் இருப்பவரை எளிதாக ஏற்ற வசதியாக இல்லை. எந்த நிலை? யாரை ஏத்த?

சரி, நியாயமாவும் நாலு குறை சொன்னாங்க, அதையும் மறைக்கக்கூடாது. கேஸு சிலிண்டர் பெட்டிக்குக் கீழ காத்துப் போக ஓட்டை போடல. பின்சீட்டு பெல்ட்டை மரப்பலகையில முடுக்கியிருந்தாரு, இரும்புச் சட்டத்துலதான் முடுக்கணுமாம். தீயணைக்கிற சிலிண்டர் இல்ல. பின்பக்கம் எடை கூடுதல். அதுக்குக் காரணம் நான்தான். எட்டுப் போர்வை, மூணு பக்கெட்டு, ரெண்டு சட்டி நிறைய வெந்நீர் வைக்கிற மாதிரி பெரிய பாத்திரம், அப்பறம் தண்ணித் தொட்டி ரெண்டு. ஒண்ணு போதும்னு இவரு விரலைக் காட்டுனாரு. நான் ரெண்டு விரலைக் காட்டுனேன். லைட்டு மட்டும் ஒன்பது வெச்சிருக்கோம்க்கா. ராத்திரி அத்தனையும் போட்டா தெருவுல போறவங்க ஏதோ கடை தொறந்திருக்குன்னு வந்து எட்டிப் பாக்குறாங்க.

அதெல்லாம் இவரு பத்து நாள்ல சரி பண்ணிட்டாரு. ஓட்டை போட்டாச்சு, பெல்ட்டை மாத்தியாச்சு, ஒரு தொட்டியைக் கழட்டியாச்சு, தீயணைக்கிற சிலிண்டர் செவப்பா ஒண்ணு மாட்டியாச்சு. ரெண்டாவது டெஸ்ட்டுல பிரேக்கு பாஸ், எடை பாஸ், கேஸு பாஸ், பெல்ட்டுல டார்ச் லைட்டு சாரு தொங்கியே பாத்தாரு, பாஸ். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அப்பறம் அந்தத் தாளைத் திருப்பி, நெத்தியைச் சொறிஞ்சு, சைரன் எங்கம்மா?

அப்பத்தான் எனக்கு ஆவேசம் வந்து நேரா அந்த மூணாவது கவுண்டருக்குப் போனேன். அதோ, கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கிட்டு இருக்காங்களே, அவங்கதான். ஏன் மேடம், சொந்தமா வண்டி கட்டினவங்க எல்லாருகிட்டயும் சைரன் கேப்பீங்களா, இல்ல எங்க மூஞ்சியைப் பாத்தா மட்டும் தோணுதான்னு கேட்டேன். அவங்க உள்ள போயி எங்க ஃபாரத்தை எடுத்துட்டு வந்து, என் முன்னால விரிச்சு, ஒரு கட்டத்துல விரலை வெச்சாங்க.

மாற்றத்தின் நோக்கம். அதான் அந்தக் கட்டத்தோட தலைப்பு.

ஃபாரம் நான்தான்க்கா நிரப்பினேன். இவரு எழுதுனா அந்தக் கட்டத்துலயும் "ம்"னுதான் எழுதுவாரு. நான் கான்வென்ட்டுல படிச்சவ. கேள்வின்னு ஒண்ணு இருந்தா முழு வாக்கியமா, உண்மையா, அடிச்சுத் திருத்தாம எழுதணும்னு முட்டி மேலயே போட்டுச் சொல்லிக் குடுத்தாங்க. நானும் முத்து முத்தா எழுதியிருக்கேன். என்ன எழுதியிருக்கேன்? "பிரசவத்திற்காக. படுக்கை, வெந்நீர், நல்ல வெளிச்சம் ஆகிய வசதிகள் உள்ளன. எந்த நேரமும் புறப்படத் தயாராக இருக்கும்."

சிரிங்க, சிரிங்க. அடக்காதீங்க. நானே அங்க நின்னு சிரிச்சேன். அதைப் பாத்துட்டு ஆம்புலன்ஸ்னு பதிஞ்சு வெச்சுட்டாங்க. அவங்க மேல என்ன தப்பு? அதையே இன்சூரன்ஸுக்கும் அனுப்பியிருக்காங்க. பாவம் அந்தத் தம்பி. ஆம்புலன்ஸு, அதே மூணு நோயாளி, ஆறு வயசு நர்ஸு. என்னத்தைத்தான் எழுதியிருக்குமோ.

அந்தம்மா ரொம்பத் தங்கமானவங்க. இதுல ஒண்ணுமில்லம்மான்னாங்க. அந்த வரியைக் கோடு போட்டு அடிச்சுட்டு, குடும்பப் பயணம்னு எழுதி, எழுதுனவங்களே பக்கத்துல கையெழுத்துப் போட்டா போதும், நான் இங்கயே முத்திரை குத்திடுவேன், மத்ததெல்லாம் பாஸ்தானே, இன்சூரன்ஸும் அன்னிக்கே வந்துடும். அஞ்சு நிமிஷ வேலைன்னாங்க.

எப்பவா?

இப்பதான்… போன வாரம். ஒரு நாலஞ்சு நாளுக்கு முன்ன. இல்ல… உங்ககிட்டப் போய் எதுக்குப் பொய் சொல்லிக்கிட்டு. ரெண்டு வாரம் ஆச்சுக்கா.

ஆமா. தினம் வர்றேன். நம்பர் வாங்குறேன். இதே பெஞ்சுல உக்காந்து யாராவது கிடைச்சா பேசுறேன். கவுண்டர் சாத்துற வரைக்கும் பேசிட்டு, வீட்டுக்குப் போய் இவருகிட்ட, இன்னிக்கும் ஆகலங்குறேன். ம்ங்குறாரு. இன்னிக்கு மட்டும் லீவு போட்டுட்டு வண்டியை அவரே ஓட்டிக்கிட்டு வந்தாரு. அதோ பாருங்க, கேட்டுக்கு வெளிய, பச்சை வண்டி. கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டே இருக்காரு, ஏற்கெனவே நாலு தடவை தொடைச்ச கண்ணாடி. நான் இறங்குறப்ப திடீர்னு, நானும் உள்ள வரட்டுமான்னாரு. முழுசா ஒரு வாக்கியம். வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். தெரிஞ்சிருக்கும் அவருக்கு. தெரியாமலா இருக்கும்.

கையெழுத்து ஏன் போடலன்னு கேக்காதீங்க. உண்மையை எதுக்கு அடிக்கணும், பிரசவம்தானே நெசம், ஃபாரத்துல பொய் எழுத மாட்டேன்னு முதல்ல எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு கேக்க. ஆனா தினமும் தங்கச்சி போன் பண்ணி, அக்கா, வண்டி பாஸாச்சாங்குறா. இல்லடி, இன்னிக்கு ஸ்ட்ரெச்சர் கேட்டாங்கங்குறேன். மறுநாளு, இன்னிக்கு மேல சுத்துற செவப்பு லைட்டு கேட்டாங்கங்குறேன். விழுந்து விழுந்து சிரிப்பா. அவ சிரிச்சா உள்ள இருக்குறது உதைக்குதாம். இன்னொண்ணு சொல்லு, இன்னொண்ணு சொல்லும்பா. நானும் ஜோடிச்சு ஜோடிச்சு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஃபாரத்துல பொய் எழுத மாட்டாளாம், போன்ல மட்டும் மூச்சு விடாம சொல்லுவாளாம். நல்ல ஆளு நானு.

நேத்து சிரிக்கலக்கா அவ. டாக்டருக்கு வெள்ளைக் கோட்டு இல்லைன்னு இன்னிக்குத் திருப்பி அனுப்பிட்டாங்கடின்னு சொன்னேன். சிரிப்பான்னு காத்துக்கிட்டே இருந்தேன். அவ கேட்டா, "அக்கா, நீ வரமாட்டியா?"

…

எங்கம்மா இவளைப் பெத்தப்ப எனக்கு ஒன்பது வயசு. வீட்டுல வேற ஆளில்ல, வண்டி ஏதாவது கூட்டிட்டு வாடின்னு என்னைத்தான் அனுப்புனாங்க. ஓடுனேன். கிடைச்சுது, கிடைக்காம இல்ல. வண்டியோடதான் வந்தேன். முன்சீட்டுல உக்காந்து, பெரிய மனுஷி மாதிரி வழி காட்டிக்கிட்டு வந்தேன். வந்தப்ப அம்மாவுக்கு வண்டி தேவைப்படல. இவ மட்டும் ஒரு துணியில கிடந்து கத்திக்கிட்டிருந்தா. தூக்கிக்கிட்டேன். அன்னிக்குத் தூக்குனதுதான்.

எனக்குப் பிள்ளை பொறந்தப்ப எனக்கு ஒரு பயமும் இல்லக்கா, நம்ப மாட்டீங்க. ஏன்னா நான் பாக்கல. நான் கண்ணை மூடிக்கிட்டு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், முடிஞ்சுடுச்சு. இது அப்படியில்ல. அவ கத்துவா, நான் கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டு பக்கத்துல நிக்கணும். அது எனக்கு ஆகாதுக்கா. போர்வை மடிப்பேன், வெந்நீர் வைப்பேன், ஒன்பது லைட்டுக்குப் பத்தாவதாவும் ஒண்ணு மாட்டுவேன். ஆனா அந்தக் கோட்டை இழுத்துட்டேன்னா அப்பறம் ஒண்ணுமே பாக்கியில்ல பாருங்க. கிளம்பணும். கிளம்பினா போய்ச் சேந்துடுவேன்.

நான் போகலன்னா அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குள்ள ஏதோ ஒண்ணு சொல்லுது. கிறுக்குத்தனம்தான். தெரியுது. நான் வண்டி கூட்டிட்டுப் போனாத்தான்… ப்ச். விடுங்க.

என்னக்கா எழுந்துட்டீங்க? சரி சரி, போங்க. நானும் ரொம்பத்தான் பேசிட்டேன், உங்க தலையும் கிறுகிறுத்திருக்கும். போற வழியில டீ குடிக்கப் போனவரைப் பாத்தீங்கன்னா, நான் இப்ப அமைதியாயிட்டேன்னு சொல்லுங்க…

அது என் ஃபைலுக்கா. உங்களது அந்தப் பக்கம் இருக்கு. அக்கா. அதை எடுத்துக்கிட்டு எங்க போறீங்க? வாசல் இந்தப் பக்கம். அது மூணாவது கவுண்டரு. அக்கா, கொஞ்சம் நில்லுங்க, செருப்பு மாட்டிக்கறேன், நில்லுங்க…

வணக்கம் மேடம். ஆமா மேடம், நான்தான். பதினாலாவது நாள். எண்ணிட்டு வர்றீங்களா? அய்யோ. இல்ல மேடம், இவங்க எனக்கு உறவு இல்ல. இப்பதான் பழக்கம். ஸ்கூல் வேன் ஓட்டுறாங்க. பேச மாட்டாங்க, ஆனா பிடி இரும்புப் பிடி. கையை விடுங்கக்கா, ஓடிட மாட்டேன். எழுதணும்ல, வலது கைய விடுங்க.

எங்க, இந்த வரியா? மூணு வரியையும் சேத்தா, இல்ல ஒவ்வொண்ணாவா? …கோடு நேரா வரல மேடம். பரவாயில்லையா? கட்டம் கட்டமா துணி வெட்டுற கை இது, எப்படிப் போகுது பாருங்க. படுக்கை… வெந்நீர்… வெளிச்சம். அடிச்சாச்சு. குடும்பப் பயணம்… எழுதியாச்சு. இங்க கையெழுத்து. தேதி. இன்னிக்கு என்ன தேதி? அட, அது தெரியாமலா இருக்கேன், நாள் எண்ணிக்கிட்டுத்தானே கிடக்கேன்.

அவ்ளோதானா? ஒரு குத்து, டப்புனு. இதுக்கா ரெண்டு வாரம் இந்தப் பெஞ்சைத் தேய்ச்சேன்?

பாத்தீங்களாக்கா, இவரு உள்ள வந்துட்டாரு. கையில துணியோட அப்படியே நிக்கிறாரு. ஆச்சுங்க. ஆச்சு, பாஸு. என்னங்க அப்படிப் பாக்குறீங்க… ம்ங்குறாரு. கேட்டீங்களா, ம்ங்குறாரு.

அவளுக்குச் சொல்லணும். இருங்க, இப்பவே போட்டுடறேன், இல்லன்னா வாசல் தாண்டுறதுக்குள்ள வேற ஏதாவது பேச ஆரம்பிச்சுடுவேன். என்ன சொல்றது? டாக்டர் கோட்டு கிடைச்சுடுச்சுன்னு சொல்லவா? வேணாம். நேராவே சொல்லிடறேன். ரிங் போகுது. எடுக்க மாட்டேங்குறாளே. ரெண்டு, மூணு… நடக்க முடியாம நடந்து வருவா… 

நான்தான்டி.

…

இல்ல, இருக்கேன். லைன்லதான் இருக்கேன். கேக்குது.

…

அக்கா. இந்தாங்க, நீங்க பிடிங்க. பிடிங்கக்கா. நீங்க சொல்லுங்க. நாளைக்குக் காலைல கிளம்புறோம்னு சொல்லுங்க.